சதுர அடிக்கு ஒரு விலை, பக்கத்துக்கு ஒரு விலை

வரைவதை மட்டும் நம்பி, அதையும் கணினியிலேயே வரைந்து, குடும்பம் நடத்த முடியுமா? இந்தக் கேள்வியைத் திருநெல்வேலி மாவட்டத்துத் திசையன்விளையில் கேட்டால், “முடியும், ஆனா கூடவே ஒரு பிரிண்டிங் மெஷினும் வேணும்லா” என்று பதில் வரும். யாழ்ப்பாணத்தில் கேட்டால், “ஏலும், ஆனா வெளிநாட்டில நாலு பேரைத் தெரிஞ்சிருக்கோணும்” என்பார்கள். இரண்டு பதிலும் உண்மை. இவை ஏன் வேறு வேறாக இருக்கின்றன என்று பார்த்தால், ஓவியத் தொழிலைப் பற்றி நாம் வழக்கமாகப் பேசாத சில விஷயங்கள் தெரியவரும்.

திறமை, கருவி, மென்பொருள் என்ற மூன்றில் இரு கரைக்கும் பெரிய வித்தியாசம் கிடையாது. அதே போட்டோஷாப், அதே கோரல்டிரா, யூஎஸ்பியில் செருகுகிற அதே பென் டேப். எழுத்துருதான் மாறும்: இங்கே ஷ்ரீலிபி, அங்கே பாமினி. உவரிக் கடற்கரையிலிருந்து மன்னார் வளைகுடாவைத் தாண்டினால் இலங்கைதான். ஒரு காலத்தில் இந்தப் பக்கத்து வீடுகளில் சென்னையைவிடத் தெளிவாகக் கேட்டது இலங்கை வானொலி. கொழும்பில் கடை வைத்துப் பிழைத்த குடும்பங்கள் திருநெல்வேலிச் சீமையில் ஏராளம். இவ்வளவு நெருக்கம் இருந்தும் இன்று ஒரே தொழிலைச் செய்யும் இரண்டு ஓவியர்கள் இரண்டு வெவ்வேறு பொருளாதாரங்களில் வாழ்கிறார்கள். யார் பணம் கொடுக்கிறார், எதை அளந்து கொடுக்கிறார், எந்த வழியாகக் கொடுக்கிறார் என்ற மூன்றுமே இங்கே ஒன்று, அங்கே வேறு.

கொடை பேனர்

திசையன்விளை வட்டாரத்தில் ஓவியருக்கு வேலை கொடுக்கும் பெரிய முதலாளி சுடலைமாடன்தான். அடுத்தபடி இசக்கியம்மன், முத்தாரம்மன், உவரி அந்தோணியார். சித்திரையில் தொடங்கி ஆவணி வரை ஊருக்கு ஊர் கொடை எனும் கோயில் விழா. பந்தல் கால்நாட்டுக்கு முன்பே நோட்டீஸும் பேனரும் தயாராக வேண்டும்.

ஒரு கொடை பேனர் எப்படி உருவாகிறது என்று கொஞ்சம் கிட்டத்தில் பார்க்கலாம். கமிட்டிக்காரர் இருவர் கடைக்கு வந்து பத்துக்கு எட்டு என்று அளவு சொல்வார்கள். நடுவில் சாமி, மேல்மூலையில் சின்னதாகப் பிள்ளையார், கீழே வரிசையாக, கொடைக்கு வரி கொடுத்த வரிதாரர் முகங்கள். அந்த முகங்கள் ராத்திரி பத்து மணிக்கு மேல்தான் வாட்ஸப்பில் வந்து விழும். மும்பையில் கடை வைத்திருப்பவர் கல்யாண ஆல்பத்திலிருந்து தன் முகத்தை மட்டும் வெட்டி அனுப்புவார். சென்னையில் இருப்பவரிடமிருந்து மோட்டார் சைக்கிளில் சாய்ந்து நிற்கும் படம் வரும். டிசைனர் எல்லாவற்றிலும் பின்னணியை நீக்கி, நிறத்தைத் தூக்கி, வெள்ளைச் சட்டை போட்ட ஒரே உடம்பில் பத்துத் தலைகளைப் பொருத்துவார். பிறகு பெயர் வரிசையில் தகராறு வரும். அண்ணன் பெயருக்கு முன்னால் தம்பி பெயர் வந்துவிட்டதென்று ஒரு கரெக்‌ஷன், பட்டம் விட்டுப்போனதென்று இன்னொன்று. கடைசியில் ஃபைல் பிரிண்டருக்குப் போகும். ஓரம் மடித்து, ரீப்பர் கட்டையில் அடித்து, ஆட்டோவில் ஏற்றுவார்கள்.

இதில் கலை எங்கே என்று கேட்கலாம். நடுவில் நிற்கிற சாமியில்தான். இணையத்தில் கிடைக்கும் சுடலை எல்லா ஊருக்கும் ஒரே சுடலை. ஆனால் ஊர்ச் சுடலை அப்படி இல்லை. ஒரு கோயிலில் மண் பீடம் மட்டும் இருக்கும், உருவமே இருக்காது. இன்னொன்றில் வல்லயமும் வீச்சரிவாளும் பிடித்து, குல்லா வைத்து, முறுக்கிய மீசையோடு நிற்பார். ‘எங்க சாமி மாதிரியே வேணும்’ என்று கேட்கிற கமிட்டிகள் உண்டு. அதை வரையத் தெரிந்தவர் கோயிலுக்குப் போய்ப் பார்த்து, போனில் படம் பிடித்து வந்து, பென் டேப்பில் லேயர் லேயராக வரைவார். இரண்டு ராத்திரி போகும்.

அந்த இரண்டு ராத்திரிக்கு பில்லில் தனி வரி கிடையாது. கடை வாசலிலேயே ‘டிசைன் இலவசம்’ என்று பலகை தொங்கும். பணம் வாங்குவது சதுர அடிக்கு. கடன் வாங்கி மெஷின் போட்ட கடைக்காரருக்கு மாதத் தவணை ஓட வேண்டும். மெஷின் சும்மா நின்றால் நஷ்டம். பக்கத்தில் இன்னொரு கடை வந்ததும் சதுர அடி விலையில் குறைக்க இடமில்லாமல் டிசைனை இலவசமாக்குகிறார். வரைவது வாடிக்கையாளரைப் பிடிக்கிற தூண்டிலாகிவிட்டது. மெஷின் இல்லாமல் வரைய மட்டும் தெரிந்தவர் ஏதாவது ஒரு கடையில் சம்பளத்துக்கு உட்கார வேண்டும். இல்லையென்றால் ஃபைலைத் திருநெல்வேலிக்கோ நாகர்கோவிலுக்கோ அனுப்பி அச்சடித்து வாங்கி, நடுவில் நிற்கும் சிறு வித்தியாசத்தில் பிழைக்க வேண்டும்.

இதற்கு ஒரு மறுபக்கமும் உண்டு. வேலைக்குப் பஞ்சமில்லை. கொடை முடிந்தால் கல்யாணம், காதுகுத்து, பூப்புனித நீராட்டு, கடை திறப்பு, கண்ணீர் அஞ்சலி. தேர்தல் வந்தால் கட்சி வேலை. திருநெல்வேலி மாவட்டம் பிரிக்கப்படுவதற்கு முன், 2011 கணக்கெடுப்பில், அதன் மக்கள்தொகை ஏறக்குறைய 30.8 லட்சம். இலங்கையின் வட மாகாணம் முழுவதற்கும் 2012 கணக்கெடுப்பில் 10.6 லட்சம்தான். ஒரு மாவட்டத்து விசேஷ வீடுகளே ஒரு மாகாணத்தைப்போல மூன்று மடங்கு. இந்தக் கூட்டம் இருப்பதால் திசையன்விளை ஓவியர் ஊரை விட்டு வெளியே பார்க்க வேண்டிய கட்டாயம் வரவில்லை.

கல்வெட்டு

யாழ்ப்பாணத்தில் இதற்கு இணையான வேலை கல்வெட்டு. இறந்தவருக்கு 31ஆம் நாள் நடக்கும் அந்தியேட்டியில் வந்தவர்களுக்குக் கொடுக்கும் நினைவு நூல் அது. தேவார திருவாசகம், இறந்தவரின் வாழ்க்கை வரலாறு, வம்சாவளி, பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் எழுதும் இரங்கல், ஊர்ப் புலவர் இயற்றிய பாடல் எல்லாம் அதில் இருக்கும். பல தலைமுறையாக வரும் வழக்கம். ஊர் வரலாறு எழுதுகிறவர்கள் இன்றும் பழைய கல்வெட்டுகளைத் தேடிப் போகிறார்கள்.

இன்று அதன் முக்கால்வாசி வேலை திரையில் நடக்கிறது. மகன் டொரொண்டோவில், மகள் பாரிஸில், தம்பி லண்டனில். இறந்தவரின் படம் என்று வந்து சேர்வது பல வேளை அடையாள அட்டைப் படம் ஒன்றுதான். 1995இல் போரால் நேர்ந்த இடப்பெயர்வில் வீட்டை விட்டு ஓடியவர்கள் ஆல்பத்தை எடுத்துக்கொண்டு ஓடவில்லை. கட்டைவிரல் அளவுள்ள, முத்திரை விழுந்த, மங்கிய அந்தப் படத்திலிருந்து முழுப்பக்க முகத்தைக் கொண்டுவர வேண்டும். முத்திரைக் கோடு கன்னத்தில் ஓடுகிறது. அதை நீக்கினால் கன்னமே மாறிவிடுகிறது. மகள் அனுப்பும் குறிப்புகளை வைத்துப் பொட்டின் அளவு, மூக்குத்தி எந்தப் பக்கம், சேலைக் கரையின் நிறம் என்று ஒவ்வொன்றாகச் சேர்க்கிறார் ஓவியர். டொரொண்டோவில் அவர்கள் வேலை முடிந்து வரும்போது யாழ்ப்பாணத்தில் விடியற்காலை. அந்த நேரத்தில் திருத்தம் வரும்.

இந்த வேலைக்கு விலை பக்கத்துக்கு. படத்தைச் சீர்செய்வதற்குத் தனிக்கணக்கு, அச்சுக்கூலி வேறு. பல குடும்பங்கள் யாழ்ப்பாணத்தில் அச்சடிப்பதோடு நில்லாமல் பிடிஎஃப் கோப்பையும் கேட்டு வாங்கிக் கனடாவிலும் ஐரோப்பாவிலும் உறவினருக்கு அனுப்புகின்றன. அச்சே இல்லாமல் கோப்பு மட்டும் போதும் என்கிறவர்களும் உண்டு. அப்போதும் வரைந்தவருக்குக் கூலி இருக்கிறது. ஏனென்றால் பணம் கொடுப்பவர் வாங்குவது காகிதத்தை அல்ல, முகத்தை என்று இருவருக்கும் தெரியும். திசையன்விளையில் சதுர அடியோடு கட்டிப்போடப்பட்ட வரைகலை, யாழ்ப்பாணத்தில் தன் காலில் நிற்கிறது.

ஆனால் அதை மட்டும் வைத்து எத்தனை பேர் பிழைக்க முடியும்? உள்ளூர்ச் சந்தை சிறிது. அதனால் அங்குள்ள இளைஞர்கள் ஃபைவர், அப்வொர்க் போன்ற தளங்களுக்குப் போனார்கள். லோகோ, குழந்தைப் புத்தகப் படம், டீசேர்ட் டிசைன், விளையாட்டுச் செயலிக்கான பாத்திரங்கள் என்று அமெரிக்காவுக்கும் ஐரோப்பாவுக்கும் வரைந்து கொடுக்கிறார்கள். ஃபைவர் தன் பங்காக 20 சதவீதத்தை எடுத்துக்கொள்கிறது. மீதி டொலரில் வருகிறது. 2012இல் தொடங்கிய யாழ் கீக் சேலஞ்ச் போன்ற போட்டிகள், வெளியூர் வாடிக்கையாளரிடம் பேசக் கூச்சப்படாத தலைமுறை ஒன்று வடக்கில் வளர உதவின. ஆகவே யாழ்ப்பாணத்து ஓவியர் ஆசைப்பட்டு ஏற்றுமதியாளராகவில்லை. சந்தை சிறுத்ததால் ஆனார்.

முன்னோர் செய்த கணக்கு

இந்த இரண்டு பழக்கமும் கணினியோடு பிறந்தவை அல்ல. தென்மாவட்டத்தில் ஓவியத்தை வைத்துப் பிழைத்தவர்களின் மூலவர் கோவில்பட்டி சி. கொண்டையராஜு. 1898இல் பிறந்து 1976இல் மறைந்தவர். நாடகக் கம்பெனிக்குத் திரைச்சீலை வரைய வந்தவர் கோவில்பட்டியிலேயே தங்கினார். அவரும் அவர் சீடர்களும் வரைந்த முருகனும் லட்சுமியும் மீனாட்சி கல்யாணமும் சிவகாசி அச்சகங்கள் வழியாகக் காலண்டராகி நாடெங்கும் போயின. பூஜையறைகளில் இன்றும் தொங்குகிற பல தெய்வ முகங்கள் அந்தப் பட்டறையில் பிறந்தவை. ஒரே படம் லட்சக்கணக்கில் அச்சாகும். வரைந்தவருக்குக் கிடைப்பது ஒருமுறைக் கூலி. கொழித்தது அச்சகம்தான். சதுர அடிக் கணக்கின் வேர் அங்கே இருக்கிறது.

இலங்கையில் அப்படியொரு அச்சுப் பேரரசு எழவில்லை. அங்கே ஓவியர் பத்திரிகையை ஒட்டி வாழ்ந்தார். 1960களில் தொடங்கிய ‘சிரித்திரன்’ இதழின் ஆசிரியர் சுந்தர் என்கிற சிவஞானசுந்தரம் தானே எழுதி, தானே வரைந்தார். சவாரித்தம்பரும் மைனர் மச்சானும் அவர் படைத்தவர்கள். 1970களில் தமிழ்நாட்டு வார இதழ்களின் இறக்குமதிக்குக் கட்டுப்பாடு வந்தபோது உள்ளூர் எழுத்துக்கும் படத்துக்கும் கொஞ்சம் மூச்சு கிடைத்தது. ஆனால் போர் அந்த வாசகர்களை உலகமெங்கும் சிதறடித்தது. இன்று கல்வெட்டுக்குப் பணம் அனுப்புகிறவர்கள் அவர்களும் அவர்கள் பிள்ளைகளும்தான்.

தமிழகத்தில் கணினியை ஓவியக் கருவியாகக் கையிலெடுத்த முன்னோடி டிராட்ஸ்கி மருது. அவருக்கு முன்னே சினிமாவும் பத்திரிகையும் பெரிய களமாக இருந்தன. ஆனால் கையால் பேனர் எழுதிய சிற்றூர் ஓவியர்களுக்கு 2000களில் கணினி வந்தது ஃப்ளெக்ஸ் உருவத்தில். தூரிகையைக் கீழே வைத்தவர்களில் சிலர் மவுஸைப் பிடித்தார்கள், பலர் வேறு வேலைக்குப் போனார்கள்.

எங்கே கற்கிறார்கள்

பள்ளியிலிருந்தே இரு நாட்டுக்கும் வேறுபாடு தொடங்குகிறது. இலங்கையில் சித்திரம் ஒரு பரீட்சைப் பாடம். சாதாரண தரத்திலும் உயர்தரத்திலும் எடுத்து எழுதலாம். அதன் வழியே பல்கலைக்கழகம் போகலாம். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்திலும் மட்டக்களப்பு சுவாமி விபுலானந்தா அழகியற் கற்கைகள் நிறுவகத்திலும் பட்டம் பெறலாம். தமிழ்நாட்டில் ஓவியம் பொதுத்தேர்வுப் பாடம் அல்ல. அரசுப் பள்ளிகளில் 2012இல் 5,000 ரூபாய் தொகுப்பூதியத்தில் பகுதிநேர ஆசிரியர்களை நியமித்தபோது ஓவிய ஆசிரியரும் அந்தப் பட்டியலில்தான் வந்தார். அரசு கவின்கலைக் கல்லூரிகள் சென்னையிலும் கும்பகோணத்திலும் இருக்கின்றன. திசையன்விளைக்கு இரண்டுமே தூரம்.

ஆகவே இங்கே பள்ளிக்கூடம் என்பது ஃப்ளெக்ஸ் கடைதான். எட்டாம் வகுப்பில் நோட்டு ஓரத்தில் விஜய் படம் வரைந்த பையன், பிளஸ் டூ முடித்ததும் கடையில் உட்கார்ந்து மூன்று மாதத்தில் கோரல்டிரா கற்றுவிடுகிறான். 2011இல் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டம் பலருக்கு முதல் இயந்திரத்தைக் கொடுத்தது. 2016இல் வந்த ஜியோ, இலவசப் பாடங்களைப் பார்க்கும் இணையத்தைக் கொடுத்தது. வேகம் கைகூடிவிடுகிறது. உடற்கூறு, வண்ணக் கோட்பாடு, கலை வரலாறு எல்லாம் தன் முயற்சியில் வந்தால்தான் உண்டு. இன்னும் மேலே போக நினைப்பவர்கள் சென்னை, பெங்களூர் விஎஃப்எக்ஸ் ஸ்டூடியோக்களுக்குப் போகிறார்கள். மாதச் சம்பளம் உள்ள அந்த வழி இலங்கையில் மிகக் குறுகலானது; ஆனால் இங்கேயும் அது கெட்டியான தரை அல்ல. 2025 பிப்ரவரியில் டெக்னிகலர் விஎஃப்எக்ஸ் குழுமம் முடங்கியபோது பெங்களூரில் ஆயிரக்கணக்கானோர் ஒரே நாளில் வேலை இழந்தார்கள்.

மின்சாரத்தில் மட்டும் இரு கரையும் ஒரே பாடம் படித்தன, பத்து வருட இடைவெளியில். கூடங்குளம் அணுமின் நிலையமும் காற்றாலைகளும் பக்கத்திலேயே இருக்கும் திசையன்விளை வட்டாரத்தில், 2012இல் நாளின் பாதிக்கு மேல் மின்வெட்டு. 2022 மார்ச் கடைசியில் இலங்கை முழுவதும் 13 மணிநேரம் வரை இருண்டது. கணினியில் மட்டும் வரைகிறவருக்கு அது வேலை நேரமே பறிபோன காலம். தாளும் பென்சிலும் வைத்திருந்தவர் மட்டும் அப்போதும் வரைந்தார்.

காசு வரும் வழி

வரைந்து முடித்த பிறகுதான் பெரிய வித்தியாசம். திசையன்விளையில் கமிட்டிக்காரர் கடை வாசலில் நின்றபடியே ஜிபேயில் அட்வான்ஸ் போடுகிறார். மும்பையிலிருக்கும் வரிதாரரும் அதே நொடியில் போடுகிறார். 2016இல் அறிமுகமான யுபிஐ, நூறு ரூபாய் வேலைக்கும் பணம் வாங்கலாம் என்ற நிலையை உண்டாக்கியது. அதனால் வாட்ஸப் ஸ்டேட்டஸுக்கான பிறந்தநாள் படம், வீடியோ அழைப்பிதழ் போன்ற சில்லறை வேலைகளே ஒரு தனித் தொழிலாகிவிட்டன.

இந்த மாற்றத்துக்கு ஒரு துயரச் சம்பவமும் காரணம். 2019 செப்டம்பர் 12 அன்று சென்னை பள்ளிக்கரணையில் சட்டவிரோத பேனர் விழுந்து சுபஸ்ரீ என்ற இளம்பெண் உயிரிழந்தார். அதன்பின் நீதிமன்றமும் காவல்துறையும் இறுக்கிப் பிடிக்க, பேனர் வேலை கொஞ்ச காலம் சுருங்கியது. அச்சில்லாத போஸ்டர் பெருகியது. அதில் சதுர அடி கிடையாது; ஆகவே முதன்முறையாக வரைந்ததற்கே விலை சொல்ல வேண்டியிருந்தது. “போன்ல அனுப்புறதுக்கு எதுக்குண்ணே இவ்ளோ?” என்ற கேள்வியை அன்றுதான் நம் ஓவியர் நேருக்கு நேர் சந்தித்தார். பதில் சொல்லத் தெரிந்தவர்கள் நிலைத்தார்கள்.

இலங்கையிலும் உள்ளூர்ப் பணம் வங்கிக்கு வங்கி உடனே மாறுகிறது, கடைகளில் லங்கா கியூஆர் இருக்கிறது. சிக்கல் வெளியிலிருந்து வரும் பணத்தில். பேபால் அங்கே நீண்டகாலம் ஒருவழிப் பாதையாகவே இருந்தது: வெளியே செலுத்தலாம், உள்ளே பெற முடியாது. எனவே ஃப்ரீலான்சர்கள் பயோனியர் வழியாகச் சுற்றிப் பணம் பெற்றார்கள். புலம்பெயர் வாடிக்கையாளர் என்றால் உறவினர் கணக்கு, வெஸ்டர்ன் யூனியன், சில வேளை உண்டியல் எனும் வங்கிக்கு வெளியேயான பணமாற்று. இந்தியாவில் பேபால் 2021 ஏப்ரலில் உள்நாட்டுப் பரிமாற்றத்தை நிறுத்தினாலும், வெளிநாட்டிலிருந்து வரும் பணத்தை இன்றும் வங்கியில் சேர்க்கிறது. திசையன்விளைக்காரருக்கு அந்தக் கதவு திறந்தே இருக்கிறது, அவர் அதிகம் தட்டுவதில்லை. யாழ்ப்பாணத்துக்காரர் நீண்டகாலம் தட்டிக்கொண்டே இருந்தார்.

இலங்கையின் 2022 பொருளாதார நெருக்கடியில் இந்த வித்தியாசம் தலைகீழாக விளையாடியது. மார்ச் தொடக்கத்தில் 200 சொச்சமாக இருந்த டொலரின் விலை மே மாதத்துக்குள் 360 ரூபாயைத் தொட்டது. நாடே தவித்தபோது டொலரில் சம்பாதித்த ஓவியரின் வருமானம் ரூபாய்க் கணக்கில் உயர்ந்தது. ஆனால் அரிசியும் பெட்ரோலும் மடிக்கணினியும் அதே வேகத்தில் ஏறியதால் உயர்வு கையில் தங்கவில்லை. 2025 ஏப்ரல் 1 முதல், அதுவரை விலக்கு பெற்றிருந்த வெளிநாட்டுச் சேவை வருமானத்துக்கு அதிகபட்சம் 15 சதவீத வரி வந்தது. வரியில்லா எல்லை வருடத்துக்கு 18 லட்சம் இலங்கை ரூபாய். இந்தியக் கணக்கில் ஏறக்குறைய 5 லட்சம். இந்தியாவில் அதே 2025-26 நிதியாண்டு முதல் புதிய முறையில் 12 லட்சம் வரை வரி இல்லை. வெளிநாட்டு வருமானத்தை நாடுகிற ஓவியருக்கு இரு நாட்டில் எது வசதி என்று கேட்டால், சட்டப்படி இந்தியாதான். ஆனால் அந்த வசதியைப் பயன்படுத்திப் பழகியவர்கள் அந்தக் கரையில் இருக்கிறார்கள்.

2024 பிப்ரவரி 12 அன்று யுபிஐ இலங்கையிலும் தொடங்கியது. இந்தியப் பயணி கொழும்புக் கடையில் ஸ்கேன் செய்து கட்டுவதற்கான ஏற்பாடு அது. திசையன்விளையில் உட்கார்ந்துகொண்டு யாழ்ப்பாணத்து ஓவியரிடம் முகம் ஒன்றை வரைந்து வாங்கிப் பணம் அனுப்புவதற்கான வழி அதில் வரவில்லை.

யாருடைய படம்

கேட்டால் பலரும் வியக்கும் வேறுபாடு சட்டத்தில் இருக்கிறது. இந்தியப் பதிப்புரிமைச் சட்டம் 1957, பிரிவு 17 சொல்வது இது: ஒருவர் பணம் கொடுத்துக் கேட்டு வரையப்பட்ட ஓவியத்துக்கு, வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், பணம் கொடுத்தவரே முதல் உரிமையாளர். அதாவது எந்த எழுத்தும் இல்லாமல் வரைந்து கொடுத்த சுடலை, கமிட்டிக்குச் சொந்தம் என்று வாதாடலாம். அடுத்த வருடம் அவர்கள் அதே படத்தை வேறு கடையில் கொடுத்து அச்சடித்தால் வரைந்தவர் பெரிதாக எதுவும் செய்ய முடியாது.

இலங்கையின் 2003ஆம் ஆண்டு 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம் வேறு மாதிரி தொடங்குகிறது. படைத்தவரே பொருளாதார உரிமைகளின் முதல் உரிமையாளர். ஊழியராக இருந்து வேலையின் பகுதியாக வரைந்ததற்குத்தான் முதலாளிக்கு உரிமை என்கிறது பிரிவு 14. உரிமைக் காலமும் அங்கே வாழ்நாளோடு 70 ஆண்டு, இங்கே 60. காகிதத்தில் இலங்கை ஓவியர் பலமானவர். நடைமுறையில் அவர் ஃபைவர் வழியாக வேலை செய்யும்போது, பணம் கைமாறியதும் உரிமை வாங்கியவருக்குப் போவதே அந்தத் தளத்தின் பொது விதி. சட்டம் கொடுத்ததைத் தளம் எடுத்துக்கொள்கிறது. இங்கே சட்டமே எடுத்துக்கொள்கிறது. இரு இடத்திலும் தப்பிக்க வழி ஒன்றுதான்: வேலை தொடங்கும் முன் எழுத்தில் ஒரு வரி. “படம் இந்தக் கொடைக்கு மட்டும், மறுபடி பயன்படுத்தினால் மறுபடி கட்டணம்.” வாட்ஸப்பிலாவது இதை அனுப்பி ‘சரி’ என்று பதில் வாங்கிக்கொண்டால் பேச ஓர் ஆதாரம் இருக்கும்.

இயந்திரம் வரைய வந்தபோது

2025 மார்ச் கடைசியில் சாட்ஜிபிடி வழியாக ஜிப்லி பாணிப் படங்கள் ஊரெங்கும் பரவின. அதற்குப்பின் திசையன்விளைக் கடைகளில் கமிட்டிக்காரர்களே செயற்கை நுண்ணறிவு வரைந்த சாமியோடு வரத் தொடங்கினார்கள். ஜிம்முக்குப் போன உடம்பு, கையில் சூலம், இடுப்பில் புலித்தோல், பின்னால் பனிமலை. இயந்திரம் கற்றது சிவனை. தேரிக்காட்டு மாடனை அதற்குத் தெரியாது. சாமியாடும் கோமரத்தாடி பார்த்துவிட்டு “இது எங்க சாமி இல்ல” என்றால் படம் திரும்பி வந்துவிடும். யாழ்ப்பாணத்திலும் இதுவே நடக்கிறது. அடையாள அட்டைப் படத்தை இயந்திரத்தில் போட்டால் நிமிடத்தில் பளபளப்பான முகம் வரும். ஆனால் மூக்கு சற்று நேராகி, கண் சற்றுப் பெரிதாகி, வேறு யாரோ ஒருவரின் தாய் நிற்பார். பிள்ளைகள் கண்டுபிடித்துவிடுவார்கள்.

எங்கே வாங்குகிறவர் உருவத்தை நேரில் அறிந்திருக்கிறாரோ, அங்கே வரைகிறவருக்கு இடம் இருக்கிறது. எங்கே யாரென்று தெரியாத வாடிக்கையாளர் ‘நவீனமான, எளிமையான லோகோ’ கேட்கிறாரோ, அந்த வேலையைத்தான் இயந்திரம் முதலில் விழுங்கும். அப்படிப் பார்த்தால் தளங்களை நம்பிய இலங்கை ஓவியருக்கு அடி பலமாக விழும். கொடையை நம்பிய திசையன்விளை ஓவியர் கொஞ்சம் தாக்குப்பிடிப்பார். நேற்றுவரை பின்தங்கியதாகத் தெரிந்த ஊர் வாடிக்கைதான் இனி காப்பு.

ஒருவரிடமிருந்து ஒருவர்

கணினியில் மட்டும் வரைந்து பிழைப்பது இரு கரையிலும் சாத்தியம் என்பதற்கு ஆட்கள் இருக்கிறார்கள். ஆனால் முழுமையாக யாரும் ஜெயிக்கவில்லை. திசையன்விளைக்காரரிடம் வாடிக்கையாளர் இருக்கிறார், பணம் வரும் வழி இருக்கிறது. வரைவதற்கென்று விலை இல்லை. யாழ்ப்பாணத்துக்காரரிடம் விலை இருக்கிறது. வாடிக்கையாளர் கண்டம் தாண்டி இருக்கிறார், பணம் சுற்றி வருகிறது. கோளாறு கணினியில் இல்லை, திறமையிலும் இல்லை. கணக்கு எழுதும் முறையில் இருக்கிறது.

இலங்கையின் கோளாறைச் சரிசெய்ய அரசும் மத்திய வங்கியும் மனம் வைக்க வேண்டும். வெளிநாட்டுச் சிறு தொகைகள் நேராக வந்து சேர வழி திறப்பதும், வளரும் ஓவியரைப் பெரிய ஏற்றுமதியாளர்போல வரி போட்டு நெருக்காமலிருப்பதும் அவர்கள் கையில் இருக்கின்றன. திசையன்விளையின் கோளாறுக்கு யாருடைய உத்தரவும் தேவையில்லை. வட்டாரத்துக் கடைக்காரர்கள் பத்துப் பேர் ஒரு டீக்கடையில் கூடி முடிவெடுத்தால் போதும். கல்வெட்டு போடுகிறவர் படத்துக்கும் பக்கத்துக்கும் அச்சுக்கும் தனித்தனிக் கணக்கு வைப்பதைப்போல, இங்கேயும் பில்லில் இரண்டு வரி எழுதலாம். முதல் வரி வரைந்ததற்கு, அதில் இரண்டு கரெக்‌ஷன் வரை அடக்கம். இரண்டாவது வரி சதுர அடிக்கு. தொடக்கத்தில் முதல் வரியில் சின்னத் தொகையே இருக்கட்டும். தொகை எழுதப்பட்டுவிட்டால் அடுத்த கொடைக்கு அதைக் கூட்டிக் கேட்கலாம். எழுதப்படாததைக் கூட்டவே முடியாது.